ஒரே வாங்கில் இருந்த நால்வர்

கொழும்புக் கோட்டையிலிருந்து காலையில் புறப்படும் மலைநாட்டுப் புகைவண்டி, பட்டிப்பொலைக்கு அருகில் ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தைத் தொட்டபின் இறங்கத் தொடங்குகிறது. அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல ஆகிய ஊர்களைக் கடந்து, ஒன்பது வளைவுப் பாலத்தைத் தாண்டித் தெமோதரைக்கு வந்ததும் ஒரு விந்தை நிகழ்கிறது. நிலையத்தை விட்டுப் புறப்பட்ட வண்டி மலையை ஒரு சுற்றுச் சுற்றி வளைந்து வந்து, அதே நிலையத்திற்கு நேர் கீழே குடையப்பட்ட சுரங்கத்தினுள் நுழைகிறது. சற்று முன் தாம் நின்ற இடத்தின் அடியிலேயே பயணிகள் கடந்து செல்கின்றனர். அதன் பின் ஹாலி-எல; அதற்குப் பின் பதுளை. 1924ஆம் ஆண்டு இருப்புப் பாதை இவ்வூரை எட்டியது. அதற்கு அப்பால் தண்டவாளம் போடப்படவில்லை.

இப்பொழுது அவ்வண்டியில் பல நாட்டு மக்களும் வருகின்றனர். பாலத்தைப் படம் பிடிக்கின்றனர். பெரும்பாலோர் எல்லவிலேயே இறங்கிவிடுகின்றனர். இறுதி நிலையம் வரையில் அமர்ந்திருப்போருள், அருமையாக, வேறொரு வகையினரும் உண்டு. வயது எழுபதை ஒட்டியிருக்கும். பாலத்தை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. ஹாலி-எலவை வண்டி நெருங்கும்போது, மலைச்சரிவுகளைப் பார்த்துத் தோட்டங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிக்கொள்வார்கள். நமுனுகுலை மலையின் முகடு தெரிந்ததும் பேச்சு நின்றுவிடும். அவர்கள் கையில் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு. அதில் பிறந்த இடத்திற்கு நேரே பதுளை என்று எழுதியிருக்கும். பிறந்த ஊரைக் காண அவர்களுக்கு விசா தேவை. அது முப்பது நாளைக்குச் செல்லும்.

அவர்கள் யாரைக் காண வருகிறார்கள்? உற்றாரும் பெற்றோரும் பெரும்பாலும் உடன் போனவர்களே. எஞ்சியிருப்போர் பள்ளித் தோழர்களும், அத்தோழர்களின் மக்களும், அம்மக்களின் மக்களும்தாம். நேயர்கள் இத்தகையவர் ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். அவருக்குப் பெயர் வேண்டியதில்லை. கோத்தகிரியிலும், கூடலூரிலும், கோவையிலும், திருச்சியிலும் அவர் பலராக இருக்கிறார். கோத்தகிரிக்காரர் என்று இப்பேச்சில் அவரைக் குறிப்பிடுவோம். அவரோ பதுளைக்காரர் என்று சொன்னால்தான் மகிழ்வார்.

அவர் பள்ளியில் பயின்ற காலத்தில் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் பதுளை நகருக்கு வந்து படிப்பது எளிதன்று. ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தோட்டத்திலேயே கல்விக்கு வகை செய்ய வேண்டும் என்று 1920ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதன்படி எழுந்த பள்ளிகள் பலவற்றில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படி இல்லை. கொழுந்து மலைதான் இருந்தது. ஏதோ ஒரு கணக்கப்பிள்ளையின் தயவாலோ, பிள்ளை கூலிவேலைக்குப் போகக்கூடாது என்று பிடிவாதமாக நின்ற ஒரு தாயாலோ, சிலர் மட்டும் சரஸ்வதி போன்ற நகரப் பள்ளிகளின் வாயிலை மிதித்தனர். விடியுமுன் எழுந்து, பனியில் நனைந்த காற்சட்டையோடு நடந்து, பஸ் பிடித்து வந்த இத்தகைய பிள்ளைகள் வகுப்பில் ஒருவரையொருவர் எளிதில் இனங்கண்டுகொள்வர். கோத்தகிரிக்காரரும் வேறு மூவரும் அவ்வாறே ஒரு வாங்கில் வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் அவ்வாங்கில் இருந்தபோது நாட்டில் ஒரு கணக்கு நடந்துகொண்டிருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் எந்நாட்டுக்கும் உரியவரல்லர் ஆயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் டில்லியில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். நாடற்றோர் 975,000 பேர் என்று கொள்ளப்பட்டது. அவருள் 525,000 பேரை இந்தியா ஏற்பது. 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது. அந்தப் பின்னரும் 1974இல் வந்தது. ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் அவர்களைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டனர். இவ்வெண்ணிக்கைகளில் அடங்கியோர் எவரிடமும் ஒப்பந்தத்திற்கு முன் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

கேட்டது பின்னர்தான். 1968 முதல் 1970 வரையில் விண்ணப்பங்கள் பெறப்பட்டன. இந்தியாவா, இலங்கையா என்று குடும்பத்தலைவர் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதத் தெரிந்தவர் லயத்தில் எத்தனை பேர்? பதுளைக்குப் போய்ப் படிக்கும் பிள்ளை இருக்கிறானே என்று எல்லோரும் அவனைத் தேடி வந்தனர். பதினான்கு வயதுச் சிறுவர்கள் இஸ்தோப்பில் மண்ணெண்ணெய் விளக்கின் முன் அமர்ந்து, அயல் வீட்டாரின் படிவங்களை நிரப்பினர். “தம்பி, எதை எழுதினால் நல்லது?” என்று முதியவர்கள் கேட்டனர். சிறுவர்கள் ஆசிரியரைக் கேட்டிருக்கலாம், தந்தையைக் கேட்டிருக்கலாம், சந்தைக்கடையில் கேட்டதைச் சொல்லியிருக்கலாம். எப்படியோ ஒன்றை எழுதினார்கள். பெருவிரலில் மை தடவி அழுத்துவதற்கு முன் முதியவர்கள் அவர்களின் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் கோத்தகிரிக்காரரை விட்டு அகலவில்லை.

அவருடைய தந்தை இந்தியா என்று எழுதச் சொன்னார். அடுத்த காம்பராவில் இருந்த தோழனின் தந்தை இலங்கை என்றார். இருவரும் ஒரே பிரட்டில் பெயர் கொடுத்து, ஒரே மலையில் கவ்வாத்து வெட்டியவர்கள். ஒரே நாளில் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டவர்கள். அவர்களுக்குள் கருத்து வேற்றுமை ஏதும் இருந்ததாக மக்கள் இருவருக்கும் நினைவில்லை. ஒருவருக்கு அச்சம் ஒரு பக்கம் இழுத்தது. மற்றவருக்குத் தாயின் புதைகுழி மறுபக்கம் இழுத்தது.

1973, 1974ஆம் ஆண்டுகளில் நாட்டில் உணவுப் பஞ்சம் தோன்றியபோது, தோட்டங்களில் பட்டினியால் மக்கள் மடிந்தனர். போகலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தவர்களும் மூட்டை கட்டினார்கள். தலைமன்னார் நோக்கிச் சென்ற வண்டிக்கு மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டனர். அதைக் காட்டிலும் பொருத்தமான பெயரை எந்தப் புலவரும் தந்திருக்க முடியாது. ஏறுவோரும் அழுதனர், நிற்போரும் அழுதனர். யாருக்காக யார் அழுகிறார் என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. தலைமன்னாரிலிருந்து ‘இராமானுஜம்’ என்னும் கப்பல். இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாம். அங்கிருந்து எந்த மாவட்டத்துக்கு அனுப்புகிறார்களோ அந்த மாவட்டம். தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காக 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைக்கத் தொடங்கியிருந்தது. அங்கே இடம் பெற்றவர் நற்பேறு உடையவர். கொடைக்கானல் மலைக்காடுகளில் கொத்தடிமைகளாக அகப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்டோரும் உண்டு. இங்கே இருந்தவரை அவர்களை இந்தியாக்காரர் என்றார்கள். அங்கே போனதும் சிலோன்காரர் என்றார்கள்.

இனி, அவர் பதுளை நிலையத்தில் இறங்கிய கதைக்கு வருவோம்.

முதலில் அவர் செல்வது நகரத்தில் குடியிருக்கும் தோழரின் இல்லத்துக்கு. இவர் ஆசிரியராகி, அரசு பொறுப்பேற்ற தோட்டப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வாயிலில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கின்றனர். தலைமயிர் போனதைப் பற்றி ஒருவர் கேலி செய்கிறார். பற்கள் போனதைப் பற்றி மற்றவர் பதில் உரைக்கிறார். கோத்தகிரிக்காரர் பையைத் திறந்து நீலகிரித் தைலப் போத்தல்களையும், ஊட்டி வர்க்கிப் பொட்டலத்தையும், தோழரின் மனைவிக்கு ஒரு சேலையையும் எடுத்து வைக்கிறார். தேயிலை மட்டும் கொண்டுவரவில்லை. ஊவாவுக்குத் தேயிலை கொண்டுவருவது கொல்லர் தெருவில் ஊசி விற்பதாகும் அல்லவா? ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் உலர்ந்த காற்றினால் ஊவாக் கொழுந்துக்கு ஏறும் மணம் கோத்தகிரியில் ஏறாது என்பதை அவர் பெருமையோடு அங்கும் சொல்லி, பலரின் பகையைச் சம்பாதித்தவர்.

ஆசிரியரின் மகள் தேத்தண்ணி கொண்டுவருகிறார். பதுளையில் 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் எழுந்தது. தந்தையின் தலைமுறையில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டுவதே அரிதாயிருந்த ஊரில், மகள் வாழும் காலத்தில் பட்டம் பெறுவோர் இருக்கின்றனர். அவரும் ஆசிரியர்தான். தமிழைப் போலவே சிங்களமும் அவருக்கு நாவில் தவழ்கிறது. “மாமா, சீனி போடலாமா?” என்று கேட்டுவிட்டு அருகில் அமர்கிறார்.

இரவு உணவுக்குப்பின் பேச்சு அந்தப் படிவங்களுக்குத் திரும்புகிறது, திரும்பாமல் இராது. கோத்தகிரிக்காரர் தாம் எழுதிய வீடுகளை எண்ணிச் சொல்கிறார். கடைசிக் காம்பராவில் இருந்த மூதாட்டிக்கு இங்கேயே இருக்கத்தான் விருப்பம். மகன் இந்தியா என்றதனால் அவருக்கும் இந்தியா என்று எழுதினார். அக்கிழவி மறுகரையில் இறுதிவரை, என் மாட்டை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆசிரியரிடமும் அத்தகைய கணக்கு ஒன்று இருக்கிறது. அவர் இலங்கை என்று எழுதிக் கொடுத்தவர்களுட் பலர் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். பிறகு 1983 ஆடிக் கலவரத்தின்போது பதுளையிலும் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ‘நீ அன்று இந்தியா என்று எழுதியிருந்தால்’ என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவரைச் சுட்டது. 1984இல் கப்பலும் நின்றது. போக வேண்டியவர்களிலும் பல்லாயிரவர் போக இயலாது தங்கினர். 1988இலும் 2003இலும் நிறைவேறிய சட்டங்களுக்குப் பிறகே எஞ்சியோருக்கு இந்நாட்டுக் குடியுரிமை முழுமையாகக் கிட்டிற்று.

இரு முதியவர்களும் ஒருவர் குற்றத்தை மற்றவர் எடுத்துத் தம் தலைமேல் வைத்துக்கொள்ளப் போட்டியிடுவதைப்போலப் பேசிக்கொண்டிருக்கையில், மகள் இடைமறித்து, “அப்போது உங்களுக்கு என்ன வயது?” என்று கேட்கிறார்.

“பதினான்கு” என்கிறார் தந்தை.

“என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பதினான்குதான். சுற்றுலா போவதற்குக்கூட அவர்களிடம் நான் கையெழுத்து வாங்குவதில்லை” என்கிறார் மகள்.

அதற்கு இருவரும் மறுமொழி கூறவில்லை. பிழை செய்தவர் என்று தம்மைக் கருதி வாழ்ந்துவிட்ட ஒருவருக்கு, அது உம் பிழையன்று என்று ஒரு நொடியில் சொல்லிவிட்டால் அவர் மகிழ்வார் என எண்ணக்கூடாது. தமக்கு எஞ்சியிருந்த ஒரு பொருளை யாரோ பறித்துக்கொண்டதுபோல அவர் திகைப்பார். எனினும் அந்த இரவில் இருவரும் நெடுநேரம் உறங்கவில்லை, பேசவும் இல்லை.

மறுநாள் தோட்டம். பஸ் பாதையிலிருந்து மேலே ஏற வேண்டும். பழைய லயத்தில் சில காம்பராக்கள் இடிந்துள்ளன. சிலவற்றின் தகரத்தின்மேல் கற்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. இங்கிருக்கும் தோழர் தோட்டத்திலேயே பேர் பதிந்து, தோட்டத்திலேயே முதுமை அடைந்தவர். அடுத்த காம்பராவின் மகன் அவர்தான். மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான்; மருமகள் கொழுந்துக்குப் போயிருக்கிறாள்; வீட்டில் பேத்தி. அவள் பதுளைக்குப் போய்ப் படிக்கிறாள், தாத்தா படித்த அதே பள்ளியில்.

ரொட்டியும் சம்பலும் வருகின்றன. தோழர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, உறையில் பொதிந்த ஒரு தாளை எடுத்துக் காட்டுகிறார். தந்தைக்குக் கிடைத்த குடியுரிமைச் சான்றிதழ். கோத்தகிரிக்காரர் அதைக் கையில் வாங்கவில்லை. ஏன் என்பது இருவருக்கும் தெரியும். ஒப்பந்தத்தின்படி, இங்கே குடியுரிமை வழங்குவதும் அங்கே அனுப்புவதும் ஒன்றுக்கொன்று ஈடாக நடைபெற வேண்டும். பேத்தி அருகிலிருந்து எண்களைக் கேட்கிறாள். எட்டாம் வகுப்பில் விகிதம் படித்தவள் அல்லவா? கொப்பியின் பின்பக்கத்தில் 525க்கு 300 என்று எழுதி, எழுபத்தைந்தால் வகுத்து, “ஏழுக்கு நாலு” என்று சொல்கிறாள். ஏழு பேர் போனால் நால்வர் இருக்கலாம். தோழரின் தந்தையின் பெயர் அந்தத் தாளில் ஏறுவதற்காகக் கப்பல் ஏறியவர்களுள் தோழனின் குடும்பமும் ஒன்று.

“உன்னிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் கடிதம் எழுதுவதை நிறுத்தினேன்” என்கிறார் தோட்டத்துத் தோழர்.

நீலநிறத் தாளில் வந்துகொண்டிருந்த விமானத் தபால்கள் ஒரு காலத்தில் நின்றுபோனதற்குக் காரணம் மறதி என்றே கோத்தகிரிக்காரர் இத்தனை ஆண்டும் நினைத்திருந்தார். அதன் பொருட்டு மனத்துக்குள் சினமும் கொண்டிருந்தார். இப்பொழுது அந்தச் சினத்தை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சம்பல் உறைக்கிறது என்று சொல்லித் தண்ணீர் கேட்கிறார். உண்மையில் உறைக்கவும் செய்தது.

பேத்திக்கு இவையெல்லாம் ஒரு பொருட்டன்று. கோத்தகிரித் தாத்தாவின் பேரன் என்ன படிக்கிறான், அங்கும் லயம் உண்டா, யானை வருமா என்று அவள் கேட்கிறாள். யானையும் காட்டெருமையும் வரும் என்றதும் அவளுக்கு நீலகிரியின் மேல் பெருமதிப்பு உண்டாகிறது. கைத்தொலைபேசியை வாங்கித் திருப்பூரில் இருக்கும் அந்தப் பேரனோடு முகம் பார்த்துப் பேசுகிறாள். முதல் நிமிடத்தில் இருவருக்கும் நாணம். மூன்றாம் நிமிடத்தில் கிரிக்கெட். ஐம்பது ஆண்டு எழுதப்படாத கடிதங்களின் வேலையை அவர்கள் அரைமணி நேரத்தில் முடித்துவிட்டதாகக் கொள்ள முடியாது. அவர்கள் வேறு ஒன்றைத் தொடங்கினார்கள்.

பதுளையைச் சேர்ந்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, 2022இல் மறைந்த எழுத்தாளர் ஜோசப், தாம் வாழ்ந்த தெளிவத்தை என்னும் தோட்டத்தின் பெயரைத் தம் பெயருக்கு முன் சூடிக்கொண்டார். உலகெங்குமுள்ள தமிழ் வாசகர் இன்று அத்தோட்டத்தின் பெயரை அறிவர். எழுதாத மாந்தரும் அவ்வாறே தோட்டத்தின் பெயரைச் சுமக்கின்றனர். நீலகிரியில் சந்தித்துக்கொள்ளும் இரு சிலோன்காரர்கள் ஊரைக் கேட்பதற்கு முன் தோட்டத்தைக் கேட்பர்.

வாங்கில் இருந்த நான்காமவரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவரது இல்லத்துக்குச் செல்ல வழி இல்லை. 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப்பின், மலையகத்தை விட்டு வன்னிக்குப் பெயர்ந்து, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியமர்ந்த பல்லாயிரவரோடு அவர் குடும்பமும் சென்றது. இந்தியா வேண்டாம், இங்கேயே தமிழ் மண்ணில் இருப்போம் என்பது அவர்களின் எண்ணம். பின்னர் போர் அவர்களை அங்கும் தேடி வந்தது. 2009இல் போர் முடிந்தபின் ஆசிரியர் எழுதிக் கேட்டார். தெரிந்தவர் மூலம் விசாரித்தார். மூவரும் அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் படிவம், விகிதம், குற்றம் ஒன்றும் வருவதில்லை. அவர் ஆற்றில் குதித்ததையும், பதுளு ஓயாவின் வெள்ளத்தில் ஒரு பாடநூல் போனதையும், அதற்காக நால்வரும் அடி வாங்கியதையும் பற்றியே பேசுகிறார்கள். அவருக்குப் பிள்ளைகள் இருந்தனரா என்பது அவர்களுக்குத் தெரியாது.

புறப்படும் நாளன்று விடியற்காலையில், பேத்தி பள்ளிக்குப் போகும் பஸ்ஸிலேயே கோத்தகிரிக்காரரும் இறங்கி வருகிறார். வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பனி மூடியிருப்பதால் நமுனுகுலை தெரியவில்லை. பஸ் நிறையப் பிள்ளைகள். எல்லோரும் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். நகரத்தை அடைந்ததும் அவள், “உள்ளே வாங்க தாத்தா, உங்கள் வகுப்பைப் பார்த்துவிட்டுப் போகலாம்” என்று கையைப் பிடித்து இழுக்கிறாள்.

அவர் வாயில்வரைதான் செல்கிறார். “அந்த வாங்கு இப்போது இருக்காது” என்கிறார்.

“இப்போது எல்லோருக்கும் தனித்தனிக் கதிரை” என்கிறாள் அவள்.

மணி அடிக்கிறது. அவள் ஓடுகிறாள். பாதிவழியில் நின்று, திரும்பி, அடுத்த முறை பேரனையும் அழைத்துவர வேண்டும் என்று உரத்துச் சொல்கிறாள். அவனுக்கும் விசா எடுக்க வேண்டுமா என்று கேட்கிறாள். அவர் ஆம் என்று தலையசைக்கிறார். அவளுக்கு அது சரியாக விளங்கவில்லை. ஆயினும் இரண்டாவது மணிக்குள் வகுப்பறைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.